ஸ்டிக்கரில் இருக்கும் எண் ஹிட்சுக்கு, காருக்கு இல்லை

சின்னக் காருக்கு ஹிட்ச், அதாவது டிரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சாமான், மாட்டப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் இரண்டில் ஒரு பதில்தான் வருகிறது. "இந்தக் காருக்கா? எதுக்கு வம்பு?" என்பது ஒன்று. "நாலு போல்ட்தானே, ஒரு மணி நேரத்தில் முடிஞ்சிடும்" என்பது இன்னொன்று. முதல் பதில் சொல்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, அவர்களுக்குக் கார் மேல் அக்கறை இருக்கிறது, எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. இரண்டாவது பதில்தான் என்னை விடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் என் மச்சான் ஹிட்சின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "2,000 பவுண்டாம் மச்சான், 907 கிலோ! உன் காரே கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்" என்றான். அவன் தப்பாகப் படிக்கவில்லை, ஸ்டிக்கரில் அப்படித்தான் போட்டிருந்தது. அந்த 907 கிலோ எதற்குச் சொந்தம் என்பதுதான் விஷயம். அதை வாயால் சொல்லி அவனுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், காருக்கு அடியில் படுத்து ஒரு துளையைப் பெரிதாக்கும்வரை எனக்கே அது உடம்பில் உறைக்கவில்லை.

எனக்கு ஹிட்ச் தேவைப்பட்டது சாதாரணக் காரியங்களுக்குத்தான். சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், எப்போதாவது ஒரு கட்டிலையோ வெட்டிப்போட்ட மரக்கிளைகளையோ சின்ன டிரெய்லரில் போட்டு இழுக்க வேண்டும். எப்போதோ வரும் அந்த வேலைக்காக ஒரு பெரிய வண்டியை வாங்கி, மற்ற நாளெல்லாம் அதற்கு எரிபொருள் ஊற்றி, நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பாத யோசனை. சின்னக் காரும், தேவைப்படும் அன்றைக்கு மட்டும் ஒரு டிரெய்லரும் என்பது நல்ல ஏற்பாடு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதை "வம்பு" என்று சொன்னாலும் வருத்தமாக இருக்கிறது, "நாலு போல்ட்" என்று சொன்னாலும் வருத்தமாக இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் இவ்வளவு உபயோகமான ஒரு சாமானைச் சின்னக் காருக்கு வேறு எதுவாலும் சேர்க்க முடியாது.

எந்த எண்ணைப் பார்ப்பது

அமெரிக்க அளவுமுறையில் ஹிட்சுகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சின்னக் கார்களுக்கு வருவது முதல் வகுப்பு. அதில் பொதுவாக டிரெய்லர் எடைக்கு உச்சவரம்பு 907 கிலோ, டிரெய்லரின் மூக்கு ஹிட்சின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடைக்கு உச்சவரம்பு 91 கிலோ. அந்த மூக்கு எடைதான் பாதிப் பேர் பார்க்காமல் விடுவது. ஐரோப்பிய ஹிட்சுகளில் ஒரு தகடு அடித்திருப்பார்கள், அதில் 'டி' மதிப்பு, 'எஸ்' மதிப்பு என்று இரண்டு இருக்கும். 'எஸ்' என்பது மூக்கு எடை. 'டி' என்பது காரும் டிரெய்லரும் ஒன்றையொன்று முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும் விசை. இரண்டு எடைகளையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, அதைப் புவியீர்ப்பு எண்ணான 9.81 ஆல் பெருக்கினால் வருவது. ஆட்கள் சாமான்களோடு 1,500 கிலோ வரும் கார், 450 கிலோ டிரெய்லர் என்றால் கிட்டத்தட்ட 3.4 கிலோநியூட்டன் வரும். ஐக்கிய நாடுகளின் 55-ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி ஒப்புதல் வாங்கிய ஹிட்ச் என்றால் சோதனை மேடையில் 20 லட்சம் தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்திருப்பார்கள். ஆக, அந்த இரும்பை நம்பலாம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அது இரும்பைப் பற்றிய சேதி. காரைப் பற்றிய சேதி காரின் கையேட்டிலும், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டிலும்தான் இருக்கிறது. ஐரோப்பிய முறைத் தகட்டில் நான்கு எடைகள் இருக்கும். முதல் வரி கார் மட்டும் ஆட்கள் சாமான்களோடு எவ்வளவு இருக்கலாம் என்பது, இரண்டாவது காரும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது, மீதி இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், காரையும் முழுக்க நிரப்பிக்கொண்டு எவ்வளவு இழுக்கலாம் என்று தெரியும். இரண்டாவது வரி காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் அந்தக் கார் டிரெய்லர் இழுப்பதற்கு இல்லை, பேச்சு அங்கேயே முடிந்தது. என் கார் கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 450 கிலோ, மூக்கு எடைக்கு 50 கிலோ. ஸ்டிக்கர் சொல்வதில் ஏறக்குறைய பாதி. ஸ்டிக்கர் எண், கையேட்டு எண் இரண்டில் எது குறைவோ அதுதான் சட்டம், ஸ்டிக்கரிலேயே பொடி எழுத்தில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. ஒரே மாதிரிக் காருக்கு ஐரோப்பாவில் இழுவை எடை கொடுத்திருப்பார்கள், வட அமெரிக்காவில் விற்கும் அதே காரின் கையேட்டில் "இழுக்க வேண்டாம்" என்று இருக்கும். இதைக் காட்டித்தான் பலர், "பார்த்தாயா, கம்பெனிக்காரன் சும்மா பயமுறுத்துகிறான்" என்று முடிவு கட்டுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இறங்க வேண்டும் என்பது வழக்கம், ஐரோப்பாவில் கிட்டத்தட்ட அதில் பாதிதான். ஜெர்மனியில் டிரெய்லரோடு போனால் சாதாரணமாக 80 கிலோமீட்டர்தான் வேகம், 100-க்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படி ஒரு தனி வரம்பே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கே பிரேக் இருந்தாக வேண்டும். அதாவது அங்கே கொடுத்திருக்கும் எண் அங்கே ஓட்டும் விதத்தோடு சேர்ந்து வருகிறது. எண்ணை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, வேகத்தையும் மூக்கு எடையையும் நம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது.

மூக்கு எடைக்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்டால் ஒரு சின்னக் கணக்கு போதும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.5 மீட்டர், ஹிட்சின் குண்டு (டிரெய்லரின் மூக்கு வந்து உட்காரும் இரும்பு உருண்டை) பின் அச்சிலிருந்து 0.8 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். குண்டின் மேல் 50 கிலோ ஏறினால் பின் அச்சு 66 கிலோ கூடுதலாகச் சுமக்கும், முன் அச்சில் 16 கிலோ குறையும். 91 கிலோ ஏற்றினால் பின்னால் 120 கிலோ கூடி, முன்னால் 29 கிலோ போய்விடும். சின்னக் கார்களில் இன்ஜின் இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கும் முன் சக்கரம். எங்கே எடை வேண்டுமோ அங்கிருந்துதான் எடை போகிறது. சைக்கிள் ஸ்டாண்ட் விஷயத்தில் இது இன்னும் ஏமாற்றும். ஸ்டாண்ட், இரண்டு சைக்கிள் எல்லாம் சேர்ந்து 45 கிலோதான், ஆனால் அந்த எடையின் மையம் குண்டுக்கு இன்னும் ஒரு முப்பத்தைந்து சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கணக்குப் போட்டால் முன்னால் 21 கிலோ குறைகிறது, 50 கிலோ மூக்கு எடையை விட அதிகம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்தச் சைக்கிள்கள் துள்ளுவது வேறு. டிரெய்லருக்குக் கொடுத்திருக்கும் மூக்கு எடையை விடச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் குறைவாகவே பல ஹிட்சுகளின் கையேட்டில் அனுமதிப்பது இதனால்தான்.

காருக்கு அடியில்

வேலை என்னவோ எளிமையானதுதான். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கால் தூக்கி, காரைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஜாக் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே தலையை நீட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது. விழுவதாக இருந்தால் நாம் வெளியே நிற்கும்போதே விழட்டும்.

அப்புறம் சைலென்சர். என் காரில் அதன் பின்பகுதியைக் கீழே இறக்கினால்தான் ஹிட்சை மேலே ஏற்ற வழி. அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் ரப்பர் வளையங்கள் வருடக்கணக்கில் சூடு பட்டு, கம்பியோடு ஒட்டிப்போய் இருந்தன. நெம்பினால் கிழியும். சோப்புத் தண்ணீர் தடவி, கம்பியைச் சுற்றி ரப்பரை லேசாகத் திருகித் திருகி இழுத்தால் ஒரு கட்டத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் வேண்டாம், அது ரப்பரை ஊத வைக்கும். ரப்பர் வந்ததும் சைலென்சரைத் தொங்க விடாமல் அடியில் ஒரு கட்டையை வைத்துத் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் வளையும் இணைப்பில்தான் மொத்தப் பாரமும் போய் விழும்.

போல்ட்டை உள்ளே அனுப்புவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. காரின் பின்பக்கம் நீளவாக்கில் ஓடும் சட்டம் உள்ளே வெற்றிடமான பெட்டி, கையை விட முடியாது. அதற்கு ஹிட்சோடு ஒரு சுருள் கம்பி கொடுக்கிறார்கள். கம்பியின் வால் முனையைச் சட்டத்தின் பெரிய துளை வழியாக விட்டு, போல்ட் வர வேண்டிய சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். சுருள் முனை போல்ட்டின் மரையில் திருகி மாட்டிக்கொள்ளும். அதற்கு முன் தடிமனான சதுரத் தகட்டைக் கம்பியில் கோக்க வேண்டும், அதற்குப் பின்னால் போல்ட். மெதுவாக இழுத்தால் சட்டத்துக்குள்ளே தகடு உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்கும், 'டொக்' என்று ஓரிடத்தில் உட்காரும், துளையிலிருந்து மரை எட்டிப் பார்க்கும். இழுத்து இழுத்து அது சரியாக வந்து நிற்கும்போது இருக்கும் திருப்தியைச் சொல்லி மாளாது. அதற்குப் பிறகு போல்ட்டை உள்ளே தள்ளிவிடக் கூடாது, ஹிட்சை ஏற்றி நட் பிடிக்கும்வரை கம்பி அதிலேயே இருக்கட்டும்.

சட்டத்திலேயே நட் வெல்டிங் செய்து வந்திருக்கும் கார்களில் இந்தக் கூத்து இல்லை, ஆனால் அந்த நட்டுக்குள் மண்ணும் துருவும் அடிப்பூச்சும் அடைத்திருக்கும். கம்பி பிரஷ் போட்டு, துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, மரை போடும் கருவியை ஒரு தடவை ஓட்டிச் சுத்தம் செய்த பிறகுதான் போல்ட்டைத் தொட வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் சுற்ற வேண்டும். விரலால் சுற்ற முடியாத போல்ட்டை ஸ்பேனர் போட்டுச் சுற்றினால் உள்ளே வெல்டிங் விட்டு நட் தனியாகச் சுழல ஆரம்பிக்கும், அப்புறம் சட்டத்தை வெட்டித்தான் அதை எடுக்க வேண்டும்.

அந்தத் துளை

என் காரில் சட்டத்தின் அடியில் இருந்த துளை அந்தச் சதுரத் தகடு நுழையும் அளவுக்கு இல்லை. அதைப் பெரிதாக்கச் சொல்லி ஹிட்சோடு வந்த தாளிலேயே இருந்தது, அளவும் இருந்தது. மாட்டும் முறை முழுக்க இந்த ஒரு வரிதான் எனக்கு முன்பே தெரிந்து, முன்பே பிடிக்காமல் இருந்தது. மற்றதெல்லாம் கழற்றினால் பழையபடி ஆகிவிடும். இது ஆகாது. டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் படுத்துக் கிடந்த நேரம் கொஞ்சம் அதிகம். பெட்ரோல் டேங்க் எங்கே, பிரேக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, சட்டத்துக்குள் வயர் எதுவும் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துத் துளை வழியாகப் பார்த்தேன், பக்கத்துத் துளையில் விரலை விட்டும் பார்த்தேன். பிறகு டிரில்லின் முனையில் சுழலும் அரத்தைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் துளையின் ஓரத்தைத் தின்ன விட்டேன். இரும்புத் துகள் கண்ணாடிக்கு மேல் பொலபொலவென்று உதிர்ந்தது. தகட்டை அவ்வப்போது வைத்துப் பார்த்து, போதும் என்றதும் நிறுத்தினேன்.

துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. கறுப்புப் பூச்சுக்கு நடுவே வெள்ளியாய் ஒரு கோடு. அதுதான் என் காரின் சட்டம், குறுக்கே வெட்டின முகம். வெர்னியர் வைத்து அளந்தேன், 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கத்தில் தரையில் கிடந்த ஹிட்சின் தகடு 6 மில்லிமீட்டர். 20 லட்சம் தடவை தள்ளி இழுத்தாலும் தாங்கும் என்று சான்றிதழ் வாங்கிய அந்தக் கனத்த இரும்பு, கடைசியில் போய்ப் பிடித்துக்கொள்ளப்போவது இந்த மெல்லிய கோட்டை. ஹிட்சைத் தூக்கிப் பிடிக்க வந்த மச்சானைக் கூப்பிட்டு, டார்ச்சை அதன் மேல் அடித்துக் காட்டினேன். அவன் நகத்தால் அந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். அதற்கப்புறம் அவன் 907 பற்றிப் பேசவில்லை.

மெல்லியது என்றால் பலவீனம் என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். நாலு பக்கமும் மூடி ஒட்டிய அட்டைப்பெட்டியின் மேல் ஒரு ஆள் உட்காரலாம், அதே அட்டையில் விரலால் ஓங்கிக் குத்தினால் ஓட்டை விழும். சட்டமும் அப்படித்தான். மடித்துப் பெட்டியாக்கியதால் அது காரின் எடையைச் சுமக்கிறது, ஆனால் ஒரே புள்ளியில் பாரம் வந்தால் நசுங்கும். அந்தச் சதுரத் தகடு ஏன் அவ்வளவு தடிமன் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. போல்ட்டின் தலை இழுக்கும் இழுப்பைப் பரப்பிக் கொடுத்து, புள்ளியை ஒரு பரப்பாக மாற்றுவதுதான் அதற்கு வேலை. அந்தத் தகட்டைப் போடாமல், வெறும் வாஷர் போட்டு மாட்டிவிட்டு "ஆடவே இல்லை பாருங்கள்" என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. முதல் நாள் ஆடாதுதான்.

இன்னொன்றும் அங்கே படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. பின்னால் யாராவது வந்து மோதினால் மடிந்து, அந்த அடியை வாங்கிக்கொள்வதற்காக வடிவமைத்த பகுதி இந்தச் சட்டத்தின் வால். ஹிட்சின் குண்டு பம்பரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் முதல் அடி பம்பருக்குப் போகாது, இரும்புக் குழாய் வழியாக நேராகச் சட்டத்துக்குத்தான் போகும். அதனால் கழற்றும்படியான குண்டு இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றி டிக்கியில் போட்டுவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். சோம்பேறித்தனத்தில் மாட்டியே வைத்திருப்பவர்களின் கார்களுக்கு நடுவே நடந்து போய் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டவர்களுக்கு வேறு காரணமும் சொல்ல வேண்டியதில்லை.

துளையின் ஓரத்தைப் பிசிறு இல்லாமல் அரத்தால் தேய்த்து, உள்ளே விழுந்த துகளைக் காந்தத்தால் எடுத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு பூச்சு அடித்து, எல்லாம் முடிந்த பிறகு சட்டத்துக்குள் மெழுகு ஸ்பிரே விட்டேன். இந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே தங்கும் ஒரு சிட்டிகை இரும்புத் துகள் துருப்பிடித்தால் அது தொட்டுக்கொண்டிருக்கும் சட்டத்தையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும். 2 மில்லிமீட்டர்கூட இல்லாத இடத்தில் துருவுக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் மிச்சமில்லை.

முறுக்கு

கையால் "நல்லா டைட்" என்று முறுக்குவதை இந்த வேலையில் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் ஸ்பேனர்) இல்லையென்றால் யாரிடமாவது வாங்கி வர வேண்டும். 8.8 தரத்து 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர் பக்கம், 12 மில்லிமீட்டருக்கு 80 சொச்சம் என்பது பொதுவான கணக்கு, ஆனால் ஹிட்சோடு வந்த தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் நமக்கு வேதம். போல்ட் என்பது ஆணி மாதிரி குறுக்கே நின்று பாரத்தைத் தாங்குவதில்லை, நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீள்கிறது, நீண்டதால் ஹிட்சையும் சட்டத்தையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது, அந்த இரண்டு முகங்களுக்கு நடுவே இருக்கும் உராய்வுதான் உண்மையில் டிரெய்லரை இழுக்கிறது. குறைவாக முறுக்கினால் முகங்கள் நழுவி நழுவித் துளையைத் தேய்க்கும். அதிகமாக முறுக்கினால் பெட்டிச் சட்டம் உள்ளே ஒடுங்கும். மரையில் எண்ணெய் தடவியிருந்தால் அதே முறுக்குக்கு இறுக்கம் கூடிவிடும், தாளில் சொல்லாமல் தடவக் கூடாது.

இந்த உராய்வுக் கணக்கு புரிந்தால் இன்னொன்று தானாகப் புரியும். ஹிட்ச் வந்து உட்காரும் இடத்தில் அந்த மெத்தென்ற அடிப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அதன் மேலேயே வைத்து முறுக்கினால் அன்றைக்கு ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், பூச்சு மெல்ல நசுங்கி வெளியே பிதுங்க, வாரம் கழித்துப் பார்த்தால் இறுக்கம் போயிருக்கும்.

வயர்

வயரிங்கை நான் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன், ஒவ்வொரு காரும் இதில் ஒவ்வொரு மாதிரி. பழைய கார்களில் பின் விளக்கின் வயரைக் கீறி அதோடு டிரெய்லர் வயரைச் சேர்த்து முறுக்குவார்கள், எரியும். இப்போதைய கார்களில் விளக்கை ஒரு கணினிப் பெட்டி பார்த்துக்கொள்கிறது, பல்பு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்றும் கவனிக்கிறது. டிரெய்லரின் 21 வாட் பல்பு ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், இரண்டு பிரேக் லைட்டுக்கு மூன்றரை. அதை அந்தப் பெட்டியின் தலையில் கட்டினால் அது விளக்கை அணைத்துவிட்டு எச்சரிக்கை காட்டும், இல்லை ஒரேயடியாகப் போய்விடும். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, டிரெய்லருக்கென்று தனி மாட்யூல் போடுவதுதான் சரி. காரின் வயர் அந்த மாட்யூலுக்குச் சேதி மட்டும் சொல்லும், கரண்ட் பேட்டரியிலிருந்து வரும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது, விளக்கெல்லாம் மங்கலாக இருக்கிறது என்றால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் எர்த் வயரைப் பாருங்கள். பெயிண்டின் மேல் திருகிய எர்த்தான் முக்கால்வாசி நேரம் காரணம்.

முதல் இழுவைக்கு முன்

குண்டின் அளவை விட்டுவிடக் கூடாது. ஐரோப்பிய வழக்கில் 50 மில்லிமீட்டர் ஒன்றுதான், குழப்பம் இல்லை. அமெரிக்க வழக்கில் சின்ன டிரெய்லருக்கு ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலமும் இருக்கிறது, 2 அங்குலமும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், மில்லிமீட்டரில் 47.6-க்கும் 50.8-க்கும் உள்ள வித்தியாசம். டிரெய்லர் மூக்கின் 2 அங்குல மூடியைச் சின்னக் குண்டின் மேல் வைத்தால் உட்காரும், பூட்டும் விழும், ஒரு மேட்டில் குதித்ததும் கழன்று வந்துவிடும். பூட்டிய பிறகு டிரெய்லரின் முன் ஜாக்கைச் சுற்றி மூக்கை மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் பெருக்கல் குறி போல மாற்றி மாட்டினால், கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அதன் மேல் விழும்.

மூக்கு எடையை ஊகிக்க வேண்டாம், எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, குண்டு இருக்கும் உயரத்துக்கு ஒரு கட்டையை நட்டு நிறுத்தி அதன் மேல் மூக்கை இறக்கினால் தெரிந்துவிடும். என் காருக்கு 50 கிலோ, அதைத் தாண்டக் கூடாது, அதற்காக ரொம்பக் குறைக்கவும் கூடாது. பாரம் டிரெய்லரின் பின்பக்கம் போய்விட்டால் வேகத்தில் அது இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும், சின்னக் காரை டிரெய்லர் ஆட்டுவது பெரிய வண்டியை ஆட்டுவதை விட எளிது. ஆட ஆரம்பித்தால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சரிக்கட்டப் பார்ப்பதுதான் பலரைக் கவிழ்த்திருக்கிறது. நான் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் கனமான சாமானைப் போட்டு, மூக்கு 40 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டும்படி வைத்துக்கொள்கிறேன், வேகம் 80. கார் இழுப்பது தெரிகிறது, கஷ்டப்படுவது தெரியவில்லை. பிரேக்குக்கு மட்டும் முன்கூட்டியே காலை வைக்க வேண்டியிருக்கிறது.

டிக்கி மூடியின் உள்பக்கம் 450, 50 என்ற இரண்டு எண்களையும் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், என்றைக்காவது வேறு யாராவது இந்தக் காரை ஓட்டும்போது ஹிட்சின் ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிட்டுப் போகக் கூடாது.

1,000 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லி ஹிட்ச் தாள்களில் பெரும்பாலும் இருக்கும். நான் பார்த்தேன். வலதுபக்கப் போல்ட்டுகள் அசையாமல் 'கிளிக்' சொன்னன. இடதுபக்கம் சைலென்சருக்கு மேலே இருப்பது மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பிவிட்டு நின்றது. புதுப் பெயிண்ட் நசுங்கி உட்காருவதால் இந்த அளவு வருவது வழக்கம்தான். நட்டிலிருந்து தகடு வரைக்கும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன், இனி ரெஞ்ச் இல்லாமலே குனிந்து பார்த்தால் திரும்பியிருக்கிறதா என்று தெரியும். அடுத்த தடவை டயர் மாற்றும்போது கார் தூக்கில் இருக்கும், அந்த ஒரு போல்ட்டை அப்போது இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.